ராணி தலை ரூபாயை அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள்!

பாட்டி கண்ணை மூடி, காரியம் எல்லாம் முடிந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மஞ்சள் துணி முடிச்சில் வெள்ளி ரூபாய்கள்! பிள்ளைகள் ஆளுக்கு இத்தனை என்று பங்கு போடுகிறார்கள். அப்புறம்? நேரே அடகுக் கடை. தராசில் கொட்டி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

அந்த முடிச்சில் இருந்த ஒரே ஒரு காசு, மற்ற எல்லாக் காசையும் தூக்கிச் சாப்பிடும் விலைக்குப் போகக் கூடியதாக இருந்தால்?

எதில் எவ்வளவு வெள்ளி?

முதலில் வருஷத்தைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்து முழு ரூபாயின் எடை 11.66 கிராம். அதாவது ஒரு தோலா. 1862 முதல் 1939 வரை வருஷம் போட்ட காசில் 100க்கு 91.7 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் சுமார் 10.7 கிராம் தேறும்.

1940 முதல் 1945 வரை உள்ளதில் பாதிதான் வெள்ளி.

1947ல் வந்த புலி படம் போட்ட ரூபாயில் வெள்ளி துளியும் கிடையாது. அது நிக்கல். காந்தத்தைக் காட்டினால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும்!

மூன்றையும் ஒன்றாக நிறுத்து 'மொத்தமா இவ்வளவு' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழசெல்லாம் அபூர்வமா?

'1862ஆம் வருஷத்துக் காசு சார், லட்சம் போகும்' என்பது சும்மா பேச்சு. 1862 என்ற வருஷத்தை மாற்றாமலே பல ஆண்டுகள் அடித்துத் தள்ளினார்கள். அது ஏராளமாகக் கிடைக்கிறது.

ஆனால் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 ரூபாய் மகா அபூர்வம்!

ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய்க்குப் 'பன்றி ரூபாய்' என்றே பெயர். ராஜா அங்கியில் இருந்த யானை, பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்ததால் கூச்சல் கிளம்பியது. காசை வாபஸ் வாங்கி, 1912ல் யானையைத் திருத்தி அடித்தார்கள்.

அபூர்வ வருஷம் என்றால் போலியும் கூடவே வரும். எடை குறைந்தாலோ, மேலே சின்னச் சின்னக் குழி தெரிந்தாலோ உஷார்!

கன்னம், கிரீடம் பாருங்கள்

தேய்மானம் முதலில் மேடான இடத்தில்தான் தெரியும். ராணியின் கன்னம், தலைமுடி, ராஜாவின் கிரீடம் ஆகியவற்றை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முடி இழை இழையாகத் தெரிந்தால் நல்ல விலை. வழவழ என்று ஆகியிருந்தால் வெள்ளி விலைதான்.

மாலை கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு, ஓட்டை இருந்தாலும் மதிப்பு இறங்கிவிடும்.

புளி போட்டால் போச்சு!

கறுத்திருக்கிறதே என்று புளி, விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்! சேகரிப்பவர்கள் அந்தக் கறுப்போடுதான் கேட்பார்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். தனித்தனிக் காகித உறையில் வையுங்கள்.

போனில் வரும் பேர்வழிகள்

'உங்க காசை ரிசர்வ் வங்கி மூலம் வாங்கறோம், முதல்ல கமிஷன் கட்டுங்க' என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். பழைய காசு வாங்கும் விவகாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021லேயே எச்சரித்திருக்கிறது. பணம் பறிபோனால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

விற்பதென்றால், இரண்டு மூன்று நாணய வியாபாரிகளிடம் விலை கேட்ட பிறகே காசைக் கையை விட்டு விடுங்கள்.