பழைய காருக்கு வேறு என்ஜின்: லாபமா, நஷ்டமா?

யானையை வாங்குவது ஒரு நாள் செலவு. தீனி போடுவது தினச் செலவு. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர் கார் நிற்கிறது. உடம்பு உறுதியாக இருக்கிறது. குடும்பமே ஏறி உட்காரலாம். விற்க மனம் வரவில்லை. ஆனால் தினமும் வேலைக்குப் போய் வர அதை எடுத்தால், பெட்ரோல் செலவு கையைக் கடிக்கிறது. அப்போது யாராவது ஒருவர் யோசனை சொல்வார்: "என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வையுங்கள். செலவு பாதியாகிவிடும்!"

உண்மையாகவே பாதியாகுமா? வழியில் நின்றுவிடாமல் கார் ஓடுமா? பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனியே மாற்றியது

அம்பாசிடருக்கு என்ஜின் மாற்றம் புதிதல்ல. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1957-ல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. 1959-ல் முதல் என்ஜின் போய், 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின் வந்தது. 1980-ல் டீசல் அம்பாசிடர் வந்தது. அதுவும் 1,489 சி.சி. தான். ஆனால் அதன் பலம் 37 குதிரை சக்தி மட்டுமே. பெட்ரோல் என்ஜினைவிடக் குறைவு. கார் மெதுவாகப் போயிற்று. எண்ணெய்ச் செலவோ குறைந்தது. டாக்சிக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

1990-களில் ஜப்பான் நாட்டு இசுசு என்ஜின் பொருத்திய அம்பாசிடர் வந்தது. அப்போது கம்பெனி என்ஜினை மட்டும் மாற்றவில்லை. கியர் பெட்டியையும் மாற்றி, ஐந்து கியர் வைத்தது. 2014 மே மாதம் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது. ஆனால் கம்பெனி செய்த இந்தக் காரியத்தில் ஒரு பாடம் இருக்கிறது. என்ஜின் மாறினால், அதோடு சேர்ந்த மற்றவையும் மாற வேண்டும்.

டீசல் ஏன் சிக்கனம்?

பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகின்றன. பிஸ்டன் அந்தக் கலவையை அழுத்துகிறது. பழைய என்ஜின்களில் அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். பிறகு பிளக் பொறி கிளப்பி அதை எரிக்கிறது.

டீசல் என்ஜினில் பொறி கிடையாது. வெறும் காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்கிய காற்று கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சியதும் தானே எரிகிறது. எவ்வளவு அதிகம் அழுத்துகிறோமோ, அவ்வளவு அதிக வேலை அந்தச் சூட்டிலிருந்து கிடைக்கும். மேலும், ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுதல் சூடு இருக்கிறது. ஆகவே டீசல் சிக்கனம் என்பது உண்மையே.

கோளாறு எங்கே வரும்?

நல்ல என்ஜினாகவே இருந்தாலும், அது காரோடு சேரும் இடங்களில் தொல்லை வரும்.

டீசல் என்ஜின் கனமானது. முன் ஸ்பிரிங்குகள் அமுங்கும். ஆட்டமும் அதிகம். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் சரியாக இல்லாவிட்டால், போல்ட்டுகள் தளரும். புகைக்குழாய் விரிசல் விடும். ரேடியேட்டர் போதாவிட்டால் மேட்டில் ஏறும்போது சூடு ஏறிவிடும். ஸ்டார்ட் செய்ய முன்னைவிடப் பெரிய பேட்டரி வேண்டும்.

டீசல் என்ஜின் மெதுவாகச் சுற்றும். பெட்ரோல் என்ஜினுக்கு அமைந்த கியரை அப்படியே விட்டால், நெடுஞ்சாலையில் என்ஜின் அலறும். சிக்கனமும் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். சில கார்களில் பிரேக் மிதியை இலேசாக்க வாக்குவம் கருவி இருக்கும். பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் அது வேலை செய்கிறது. சாதாரண டீசல் என்ஜினில் அந்த வெற்றிடம் உண்டாவதில்லை. தனியாக ஒரு பம்ப் வைக்க வேண்டும். அதை மறந்தால் மிதி கல்லாகிவிடும். கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

கணக்குப் போடுங்கள்

தினம் 30 கிலோமீட்டர். வருடத்தில் 300 நாட்கள். மொத்தம் 9,000 கிலோமீட்டர். பெட்ரோலும் டீசலும் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

தேய்ந்துபோன பழைய என்ஜின் லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர் தருகிறது என்றால், வருடத்துக்கு 1,200 லிட்டர். செலவு 1,20,000 ரூபாய். புதிதாக வைத்த என்ஜின் 15 கிலோமீட்டர் தந்தால் 600 லிட்டர். செலவு 60,000 ரூபாய். ஆகா, பாதிதான்!

ஆனால் அவசரப்படக் கூடாது. அந்தப் பழைய என்ஜினையே பிரித்து, போரிங் செய்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கார்புரேட்டரைச் சரி செய்தால், அது 10 கிலோமீட்டர் தரக்கூடும். அப்போது செலவு 90,000 ரூபாய். அதாவது மிச்சமாகும் 60,000-ல் பாதி, பழுது பார்த்தாலே கிடைத்துவிடுகிறது! என்ஜின் மாற்றத்தால் கூடுதலாகக் கிடைப்பது 30,000 ரூபாய்தான்.

பழுது பார்க்க 40,000 ரூபாயும், என்ஜின் மாற்ற 1,60,000 ரூபாயும் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதிகப்படி செலவு 1,20,000 ரூபாய். அதைத் திரும்ப எடுக்க நான்கு வருடம் ஆகும். தினம் 10 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்குப் பன்னிரண்டு வருடம் ஆகும்!

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. தயாரித்த கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. என்ஜின் நம்பரும், எரிபொருள் வகையும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டு அனுமதி பெற வேண்டும். பட்டறைக்குப் போவது அதற்குப் பிறகுதான். அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும். பழைய என்ஜின் வாங்குகிறவர்கள், அது யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும். திருட்டு என்ஜினாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க நேரிடும்.

முதலில் செய்ய வேண்டியது

கார் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். டாங்க் நிரம்ப பெட்ரோல் போட்டு, மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். மறுபடியும் டாங்கை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். டயரில் காற்றைச் சரி பார்த்து, பிளக்கையும் காற்று வடிகட்டியையும் சுத்தம் செய்த பிறகு இன்னொரு வாரம் இதே போலப் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் வீட்டுப் பிள்ளைகளே இந்தக் கணக்கை எழுதி வைக்கலாம்.

அதிக தூரம் ஓட்டுகிறவர், அனுமதியும் பெற்று, கியர், பிரேக், ரேடியேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் பலன் அடையலாம். மற்றவர்களுக்குப் பழைய என்ஜினைப் பழுது பார்ப்பதே குறைந்த செலவு. அதன் உதிரி பாகமும், அதைப் பழகிய மெக்கானிக்கும் கிடைக்கும் வரையில், அதுவே நிம்மதியும் ஆகும்.