தாதா புதைத்த இரும்புப் பெட்டி

காற்று புகாத, தண்ணீர் புகாத ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே எழுபது லட்சம் டாலர். ரொக்கம், கடன் பத்திரம், வைரம், தங்கக் காசு என்று எல்லாம் கலந்து. நியூயார்க் மாநிலத்தில், கேட்ஸ்கில் மலைகளுக்கு நடுவே ஃபினீஷியா என்று ஒரு குட்டி ஊர். அதன் பக்கத்தில், ஈசோபஸ் ஓடைக்கரையில், ஒரு மரத்தடியில் புதைத்தாயிற்று. அடையாளத்துக்கு மரத்தில் ஒரு பெருக்கல் குறி. புதைத்த ரெண்டு பேரும் 1935 அக்டோபர் 23-ம் தேதி ராத்திரி ஒரே ஓட்டலில் சுடப்பட்டு, ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டி இன்னும் கிடைக்கவில்லை.

ஊரில் சொல்கிற கதை இதுதான். இதைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா உட்கார முடியுமா சார்? அமெரிக்காக்காரனால் முடியவில்லை. கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷமாக யாராவது ஒருத்தர் மண்வெட்டியோடு அந்த ஓடைக்கரையில் திரிகிறார்.

பெட்டிக்குச் சொந்தக்காரர் ஆர்தர் ஃப்ளெகன்ஹைமர். பல்லில் மாட்டுகிற பெயர். தொழிலுக்கு வைத்துக்கொண்டது டச் ஷூல்ட்ஸ். பிறந்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில். 1920-லிருந்து 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்ததல்லவா, அதில் கள்ள பீர் விற்றுத் தலையெடுத்த பேர்வழி. மதுவிலக்கு போகப்போகிறது என்று வாடை அடித்ததுமே, ஹார்லெம் பக்கம் நடந்துகொண்டிருந்த நம்பர் சூதாட்டத்தைத் துப்பாக்கி முனையில் வளைத்துப் போட்டார்.

இந்த நம்பர் ஆட்டம் நம்மூர் மூணு நம்பர் லாட்டரிக்குத் தாத்தா. 000-லிருந்து 999-க்குள் ஒரு எண்ணைச் சொல்லி ஒரு சென்ட் கட்டலாம். ஜெயித்தால் ஒன்றுக்கு அறுநூறு. பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேர் ஆளுக்கொரு எண்ணில் ஒரு சென்ட் கட்டினால் வசூல் பத்து டாலர். ஜெயித்தவனுக்கு ஆறு டாலர். மிச்சம் நாலு டாலரில் ஏஜெண்ட் கமிஷன் போக பாக்கியெல்லாம் முதலாளிக்கு. எந்த கம்பெனி பேலன்ஸ் ஷீட்டில் சார் இப்படி ஒரு லாபம் பார்த்திருக்கிறோம்?

ஷூல்ட்ஸுக்கு இது போதவில்லை. ஆட்டோ பெர்மன் என்று ஒரு கணக்குப்பிள்ளையை வைத்துக்கொண்டார். செல்லப் பெயர் 'அபடாபா'. ஜெயிக்கிற எண் குதிரைப் பந்தய மைதானத்தின் பந்தயத் தொகையிலிருந்து வரும். எந்த எண்ணில் ஜனங்கள் அதிகமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பெர்மனுக்குத் தகவல் போகும். உடனே மனசுக்குள் கூட்டிக் கழித்து, கடைசி நிமிஷத்தில் மைதானத்தில் ஒரு தொகையைப் போட்டு அந்த எண் வராமல் பண்ணிவிடுவார். வாரம் பத்தாயிரம் டாலர் சம்பளம் என்பார்கள். இன்க்ரிமெண்ட் கேட்டு மேனேஜர் ரூம் வாசலில் நிற்கிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

கட்டியவர்கள் யார்? ஹார்லெமின் கறுப்பின ஏழைகள். மூட்டை தூக்கியவர்கள், துணி துவைத்தவர்கள், லிஃப்ட் இயக்கியவர்கள். அந்த ஒரு சென்ட்டும் ரெண்டு சென்ட்டும்தான் கட்டுக்கட்டாகச் சேர்ந்து பெட்டிக்குள் போனது. அதற்கு முன் ஹார்லெமில் இந்த ஆட்டத்தை நடத்தியவர்களில் ஸ்டெஃபனி செயின்ட் கிளேர் என்ற கறுப்பினப் பெண்மணியும் உண்டு. ஷூல்ட்ஸை நேருக்கு நேர் எதிர்த்தவர். அவர் சாகக் கிடந்தபோது, வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்கிற மாதிரி ஆஸ்பத்திரிக்கே ஒரு தந்தி அனுப்பினாராம்!

சரி, இவ்வளவு பணத்தை ஏன் காட்டில் போய்ப் புதைக்க வேண்டும்? எல்லாம் இன்கம்டாக்ஸ் பயம். சிகாகோவின் அல் கபோனைக் கொலை வழக்கில் பிடிக்க முடியாமல், வரி ஏய்ப்பில் பிடித்து 1931-ல் பதினோரு வருஷம் போட்டார்கள். 1933 ஜனவரியில் அதே வலை ஷூல்ட்ஸ் மீதும் விழுந்தது. தலைமறைவானார். 1934 நவம்பரில் ஆல்பனி நகரில் சரணடைந்தார். 1935-ல் ரெண்டு தடவை விசாரணை. முதல் தடவை ஜூரிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. ரெண்டாவது தடவை விடுதலை. ஆனாலும் எந்த நேரமும் உள்ளே போகலாம் என்கிற நிலைமை. பாங்க்கில் போட்டால் அரசாங்கம் பார்க்கும். வீட்டில் வைத்தால் கூட்டாளி பார்ப்பான். அதனால் மெய்க்காப்பாளன் லூலு ரோசன்கிரான்ட்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கேட்ஸ்கில் போனார் என்கிறார்கள். கதையாக இருந்தாலும் காரணம் பொருந்துகிறது.

அவரைத் துரத்திய அரசு வழக்கறிஞர் தாமஸ் டூயி. 'அவனைப் போட்டுத்தள்ள அனுமதி கொடுங்கள்' என்று மற்ற தாதாக்களிடம் கேட்டார் ஷூல்ட்ஸ். அரசாங்க வக்கீலைக் கொன்றால் எல்லாருடைய பிழைப்பும் போய்விடும் என்று பயந்த அவர்கள், ஷூல்ட்ஸையே முடித்துவிடத் தீர்மானித்தார்கள். நியூஜெர்சியின் நெவார்க்கில் பேலஸ் சாப்ஹவுஸ் என்ற ஓட்டல். ஷூல்ட்ஸ் பாத்ரூமில் இருந்தபோது ஆட்கள் நுழைந்தார்கள். ஷூல்ட்ஸ், லூலு, பெர்மன், ஏப் லாண்டாவ் என்று நாலு பேரும் காலி. குண்டுக்காயத்தோடு தள்ளாடிய லூலு, போன் பண்ணச் சில்லறை இல்லாமல், ஓட்டல்காரனிடம் கால் டாலரை நீட்டிச் சில்லறை கேட்டதாகச் சொல்வார்கள். எழுபது லட்சம் புதைத்த ஆள்!

(தப்பித்த டூயி பிற்பாடு நியூயார்க் கவர்னராகி, ஜனாதிபதி தேர்தலில் 1944, 1948 என்று ரெண்டு தடவை நின்று ரெண்டு தடவையும் தோற்றார்.)

ஆஸ்பத்திரியில் ஷூல்ட்ஸுக்குக் கொதிக்கிற ஜுரம். போலீஸ் ஸ்டெனோகிராபர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பிதற்றியதை சுமார் ரெண்டு மணி நேரம் சுருக்கெழுத்தில் எடுத்தார். புதையல் வேட்டைக்காரர்களுக்கு அதுதான் வேதம். அம்மாவைக் கூப்பிட்டால் ஒரு அர்த்தம், நாயைச் சொன்னால் ஒரு திசை என்று பாஷ்யம் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நான் படித்தவரை, ஜுரத்தில் புலம்புகிற ஒரு மனுஷன்தான் தெரிகிறான்.

இன்னும் கொஞ்சம் கணக்கு. ஒரு டாலர் நோட்டு ஒரு கிராம். நூறு டாலர் நோட்டுகளாக எழுபது லட்சம் என்றால் எழுபது கிலோ. அப்போது ஆயிரம் டாலர் நோட்டும் புழக்கத்தில் இருந்தது. அதில் என்றால் ஏழே கிலோ, மார்க்கெட் பை எடை. ஆக, ரெண்டு பேர் தூக்கிப்போய்ப் புதைத்திருக்க முடியும். ஆனால் ஒரே ஒரு வெல்டிங் விட்டுப்போயிருந்தால் நோட்டும் பத்திரமும் இந்நேரம் கூழ். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் ஈசோபஸ் ஓடையைப் பொங்கவைத்து ஃபினீஷியாவைப் புரட்டிப்போட்டது. கரையே இடம் மாறியிருக்கும்போது, குறி போட்ட மரத்தை எங்கே தேட? தவிர, அங்கே அரசுக் காடு நிறைய. அதை இயற்கையாகவே விட வேண்டும் என்று 1894-லிருந்து மாநில அரசியல் சட்டமே சொல்கிறது. அனுமதியில்லாமல் தோண்டினால் கேஸ்.

கேஸ் போனால் போகிறது, உயிர் போனால்? ஃபாரஸ்ட் ஃபென் என்ற கலைப்பொருள் வியாபாரி ராக்கி மலையில் தங்கம் நிரப்பிய பெட்டியை ஒளித்துவிட்டு, 2010-ல் ஒரு புத்தகத்தில் பாட்டாகத் துப்பு கொடுத்தார். வேலையை விட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் உண்டு. 2020-ல் வயோமிங்கில் ஒருத்தர் கண்டுபிடிப்பதற்குள் ஆற்றிலும் மலையிலுமாகக் குறைந்தது ஐந்து பேர் செத்துப்போனார்கள். பெட்டி நிஜம்தான். அந்த ஐந்து வீட்டுக்கு அதனால் என்ன ஆறுதல்?

மண்வெட்டி இல்லாமல், உயிரைப் பணயம் வைக்காமல் இதே திரில் வேண்டுமென்றால் இருக்கவே இருக்கிறது ஜியோகேச்சிங். 2000 மே மாதம் ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த குளறுபடியை அமெரிக்க அரசு நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் தள்ளிக் காட்டிய கருவி, திடீரென்று பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சில சாமான்களைப் போட்டு ஒளித்து, அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிட்டார். இப்போது உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கு மேல் இப்படிப்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

இதில் புதிர்ப் பெட்டி என்று ஒரு ரகம். இடத்தை நேராகச் சொல்ல மாட்டார்கள். கதை சொல்லிக் கணக்குப் போடவைப்பார்கள். தாதா கதை அதற்கு அல்வா மாதிரி. நானே ஒன்று போடுகிறேன். ஃபினீஷியாவின் அட்சரேகை சுமார் 42 டிகிரி 5 நிமிடம். புள்ளிக்குப் பிறகு மூணு இலக்கம் வேண்டும். முதலாவது, சாப்ஹவுஸில் சுடப்பட்டவர்கள் எத்தனை? ரெண்டாவது, கபோன் தண்டனை வருஷங்களின் கடைசி இலக்கம். மூணாவது, நம்பர் ஆட்டத்தில் ஒன்றுக்கு எத்தனை நூறு? 4, 1, 6. ஆக 42 டிகிரி 5.416 நிமிடம். தீர்க்கரேகைக்கு இதேபோல் இன்னொரு மூணு கேள்வி. முதல் இலக்கத்தில் ஒன்று தப்பினால் 185 மீட்டர் தள்ளிப்போய் யாரோ வீட்டுக் கொல்லையில் நிற்பீர்கள். நாய் இருக்கும்.

இங்கேயும் அனுமதியில்லாமல் மண்ணைத் தோண்டக்கூடாது என்பது விதி. பெட்டியில் கையெழுத்துப் போட ஒரு நோட்டு, மிஞ்சிப்போனால் ஒரு பொம்மை. எதையாவது எடுத்தால் பதிலுக்கு எதையாவது வைக்க வேண்டும். ஷூல்ட்ஸுக்கு இந்த விதி பிடித்திருக்காது.

அல்மர் வைத்த அந்த முதல் வாளி, புல் வெட்டுகிற மெஷினில் மாட்டி நொறுங்கிவிட்டது. உள்ளே இருந்தவற்றில் ஒரு பீன்ஸ் டின் மட்டும் பிழைத்தது. அந்தத் துருப்பிடித்த டின்னை ஜியோகேச்சிங் விழாக்களுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. திறந்து பார்க்கலாம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.