மூளையில் இரத்தக் கசிவு: கைவிட வேண்டியதில்லை

சித்தேரி மலையிலோ பென்னாகரத்திலோ ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, ஒரு பக்கக் கைகால் துவண்டு, பேச்சுக் குழறினால் என்ன செய்வீர்கள்? புறா இரத்தம் பூசிப் பொழுதைக் கழிப்போர் இன்றும் உளர். உடனே 108ஐ அழையுங்கள். காரணம் அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன் படமே காட்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்திற்கே கொண்டு செல்லுங்கள். வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். கசிவாயின் அதுவே கேடாகும்.

கசிவுக்குச் செய்யக்கூடியது சொற்பமே என்னும் எண்ணம் மருத்துவரிடையேயும் நெடுங்காலம் நிலவிற்று. 2023இல் 'லான்செட்' இதழில் வெளியான 'இன்டர்ஆக்ட்-3' ஆய்வு அதை அசைத்தது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட 10 நாடுகளில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். புதுமருந்து எதுவுமில்லை! சிகிச்சை தொடங்கிய ஒரு மணி நேரத்திற்குள் மேல் இரத்த அழுத்தத்தை 140க்குக் கீழே இறக்குதல், சர்க்கரையையும் காய்ச்சலையும் அடக்குதல், வார்ஃபரின் உண்போருக்கு அதன் வேகத்தை முறித்தல்: இவற்றை ஒருசேரச் செய்ததில் இறப்பும் முடக்கமும் குறைந்தன.

கசிவின் முதன்மைக் காரணம் உயர் இரத்த அழுத்தமே. ரமளானில் மாத்திரையை நிறுத்திவிடுவோர் நம்மில் உண்டு. நிறுத்தாதீர்கள், ஸஹர், இஃப்தார் வேளைகளுக்கு மாற்றித் தருமாறு மருத்துவரிடம் முன்னதாகவே கேளுங்கள்.