பெரியப்பாவின் ஊசியும் ஃப்ளோட் சுவிட்சும்



"மலருக்கு ஏதாவது டெக்னிக்கலா எழுதுடா" என்று நண்பர்கள் கேட்டபோது, இண்டக்‌ஷன் மோட்டாரைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் என் பெரியப்பா ஒரு கேள்வி கேட்டுவிட்டார். மோட்டார் இதிலும் வரும், வேறு மாதிரி.

பெரியப்பாவுக்கு வயது 54. பரமத்தி வேலூர் பக்கம் கரும்பும் வாழையும் போட்டிருக்கிறார். வெல்லம் காய்ச்சுகிற ஊர்க்காரருக்கு சுகர் வந்து பத்து வருஷம் ஆகிறது. ஒரு நாள் சாயங்காலம் வாய்க்கால் கரையில், "ஏங்கண்ணு, ஆம்பளைகளுக்குன்னு ஒரு ஊசி இருக்குதாமா. போட்டா சோர்வும் போவுது, சுகரும் எறங்குதுங்கறாங்க. அப்பறம் மாத்திரை எதுக்கு?" என்றார். ஒரு வாரமாகவே அவர் மாத்திரை போடவில்லை என்பது பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது. எனக்குப் பகீரென்றது. புத்தகம், டாக்டர் என்று அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அந்த ஊசி டெஸ்டோஸ்டிரோன். மீசை முளைப்பது, குரல் உடைவது, தசை திரள்வது எல்லாம் இந்த ஹார்மோனின் வேலை. நாம் சாப்பிட்ட சர்க்கரையை இன்சுலின் துணையோடு பெருமளவு இழுத்துக்கொள்வது தசைதான். ஆகவே இந்த ஹார்மோன் குறைந்தால் தசை குறையும், தொப்பை கூடும், சுகர் ஏறும். இதுவரை பெரியப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த ரோடு ஒன்வே இல்லை! தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. அது மூளைக்குப் போய் "போதும்" என்று சொல்ல, உற்பத்தி இன்னும் குறைகிறது. டைப் 2 சர்க்கரை நோயுள்ள ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இது குறைவாக இருப்பதாக 2004இல் அமெரிக்காவில் திண்ட்சா, தண்டோனா குழுவினர் கண்டார்கள். பலருக்கு இது நோய்க்குக் காரணம் இல்லை, நோய் காட்டுகிற மீட்டர் ரீடிங். மீட்டர் முள்ளைக் கையால் தள்ளினால் ஃபால்ட் சரியாகிவிடுமா?

சரி, ஊசி போட்டே பார்த்தவர்கள் உண்டா? உண்டு. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரையுள்ள, தொப்பை போட்ட 1007 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2021இல் வெளிவந்தது. இவர்கள் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள், அல்லது அப்போதுதான் உள்ளே நுழைந்தவர்கள். எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் உண்டு. பாதிப்பேருக்கு அதோடு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. இரண்டு வருஷம் கழித்து, வெற்று ஊசி போட்டவர்களில் 21 சதவீதம் பேர் சர்க்கரை நோய் அளவில் இருந்தார்கள். மருந்து ஊசிக்காரர்களில் 12 சதவீதம்தான். ஆனால் மருந்து போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியானது.

அமெரிக்காவில் 5000க்கு மேற்பட்ட ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லோ வெற்று ஜெல்லோ கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தவர்களுக்கு ஜெல்லால் சுகர் கட்டுப்படவில்லை என்று 2024இல் முடிவு வந்தது. பத்து வருஷ சுகர்க்காரரான பெரியப்பா சேரவேண்டிய லிஸ்ட் இதுதான். சுகரைக் குறைப்பதற்கென்று இந்த மருந்தைக் கொடுக்கவேண்டாம் என்று ஹார்மோன் நிபுணர்களின் என்டோகிரைன் சொசைட்டி 2018லேயே சொல்லியிருக்கிறது.

இப்போது மோட்டார். ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் குறைந்தால் ஃப்ளோட் சுவிட்ச் மோட்டாரை ஓடவிடும், நிறைந்தால் நிறுத்தும். நம் உடம்பில் மூளை சுவிட்ச், விதைப்பை மோட்டார். வெளியிலிருந்து குடம் குடமாக ஊற்றி டேங்கை நிரப்பினால்? மோட்டார் ஆஃப்! விந்தணு உற்பத்தியும் அதோடு படுத்துவிடும். மறுபடி ஓடப் பல மாதம் ஆகலாம். ஜிம்மில் "பாடி" ஏற்ற யாரோ கொடுக்கும் ஊசிக்குக் கை நீட்டும் நம் வயசுப் பையன்கள் இந்த ஒரு பாராவை இரண்டு தடவை படிக்கவும்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கும் உண்டு. சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதம். இது பெரியப்பாவுக்கு லேட். எனக்கும் என் அண்ணனுக்கும் லேட் இல்லை.

பெரியப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்த ஹார்மோனைக் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாளில் எடுத்துப் பார்த்தால்தான் நம்பலாமாம். நிஜமாகவே ரொம்பக் குறைந்து, அதற்கான அறிகுறியும் இருந்தால் ஊசி தேவைப்படலாம். அப்போதும் ரத்தப் பரிசோதனையோடுதான், சுகர் மாத்திரையை நிறுத்தாமல்தான் என்றார். பெரியப்பாவுக்கு இரண்டு நாளும் ரிசல்ட் நார்மலின் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. ஊசி வேண்டாம், தொப்பையைக் குறைத்தாலே இது ஏறும் என்று சொல்லிவிட்டார்.

"அப்ப அந்தச் சோர்வு எதனாலீங்க?" என்று கேட்டார் பெரியப்பா. "ஒரு வாரமா மாத்திரை இல்லாம சுகர் முந்நூறைத் தாண்டிக் கெடக்குதே, அதனாலதான்" என்றார் டாக்டர்.

இப்போது மாத்திரை தவறுவதில்லை. விடியற்காலையில் வாய்க்கால் கரையில் நடக்கிறார். வெல்லக் காப்பியை மட்டும் இன்னும் விடவில்லை. பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.