அப்போஸ்தலர் தோமையார்

இயேசுநாதரின் பன்னிரு அப்போஸ்தலருள் ஒருவராகிய தோமையாரைச் சந்தேகித்தவர் என்று மட்டும் நினைவுகூர்வது அவருக்கு இழைக்கும் அநீதியே. குருவுக்கு ஆபத்து நேருமென ஏனைய சீடர் அஞ்சிய வேளையில், அவரோடு சென்று மரிக்கவும் சித்தமென்று முன்வந்தவர் அவர். உயிர்த்தெழுந்தவரின் காயங்களைக் கண்ட கணமே அவரைக் கடவுளென்று அறிக்கையிட்டதும், காணாது விசுவசிப்போரின் பாக்கியம் பெரிதென்ற உபதேசத்துக்கு நிமித்தமாய் நின்றதும் அவர் வாழ்வின் சாரம்.

கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் கரையிறங்கி, சேர நாட்டிலும் சோழமண்டலக் கரையிலும் சுவிசேஷம் போதித்து, கி.பி. 72இல் சென்னைப் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு வேதசாட்சியாக மரித்தார் என்பது தென்னிந்தியக் கிறிஸ்தவரின் நெடுங்காலப் பாரம்பரியம். மயிலாப்பூரில் அவருடையதெனப் போற்றப்படும் கல்லறைமீது எழுந்த சாந்தோம் தேவாலயத்தின் இன்றைய கட்டடம் 1896இல் நிறைவுற்றது. பரங்கிமலையில் 1547இல் கிடைத்த கற்சிலுவையில் பாரசீகத்தின் பகலவி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அதனை ஒத்த பழஞ்சிலுவையொன்று 1912இல் நம் இலங்கையின் அநுராதபுரத்திலும் கண்டெடுக்கப்பட்டமை, கடல் கடந்த பழைய கிறிஸ்தவ உறவுக்குச் சான்றாகும்.

கத்தோலிக்கர்க்கு அவரது திருநாள், முன்னாளில் டிசம்பர் 21; இப்பொழுது ஜூலை 3.