மனசு சொல்லுது போ! அறிவு சொல்லுது நில்!



இன்றைய பட்டிமன்றத்தின் தலைப்பு, 'வாழ்க்கைக்குப் பெரிதும் வழிகாட்டுவது மனமா? அறிவா?' என்பது. மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க. "ஐயா, ரெண்டும் நமக்குள்ளதானே இருக்கு, இதுல என்னய்யா சண்டை?" ஏம்மா, மாமியாரும் மருமகளும்கூட ஒரே வீட்டுக்குள்ளதான் இருக்காங்க! (சிரிப்பு)

இந்தச் சண்டை நேத்து வந்தது இல்லீங்க. நற்றிணையில் 284ஆம் பாட்டு. பொருள் தேடப் போன தலைவன், போன வேலை முடியல. நடுவுல அவ நினைப்பு வந்திருச்சு. அந்தக் கூந்தல், அந்த மை தீட்டின கண். நெஞ்சு சொல்லுது, "கிளம்புப்பா, போய் அவ துயரத்தைத் தீர்ப்போம்." அறிவு சொல்லுது, "எடுத்த வேலையைப் பாதியில போட்டுட்டுப் போனா அறியாமையும் இழிவும்தான் மிஞ்சும், அவசரப்படாதே." ரெண்டு ஆண் யானை, புரி தேய்ஞ்ச ஒரு பழைய கயித்தை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுத்தா கயிறு என்னாகும்? அதுமாதிரி என் உடம்பு அழிஞ்சு போயிருமோன்னு கேக்குறான் அவன்.

பாடின புலவருக்கு அப்பா அம்மா வச்ச பேரு என்னன்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது. 'தேய்புரிப் பழங்கயிற்றினார்' என்று அந்த உவமையையே அவருக்குப் பேராக்கி விட்டார்கள். ஜெயிச்சது நெஞ்சா, அறிவான்னு அவர் சொல்லவே இல்ல. கெட்டிக்காரர். என்னை மாதிரி நடுவரா உட்கார்ந்திருந்தா தப்பிச்சிருக்க முடியுமா?

சரி, விஞ்ஞானம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். ராத்திரி கொல்லைப்புறம் போறோம். காலடியில நெளிஞ்சு கிடக்கு ஒண்ணு. கால் ஓரடி பின்னால குதிச்சிருது. அப்புறம்தான் தெரியுது, அது கொடிக்கயிறுன்னு. மூளைக்குள்ள பாதாம்பருப்பு வடிவத்துல அமிக்டலான்னு ஒரு பகுதி இருக்கு. கண்ணு பார்த்த செய்தி, யோசிக்கிற மேல்மூளைக்கு ஒரு சுற்றுவழியில போகுது. அமிக்டலாவுக்கு ஒரு குறுக்குவழியும் இருக்கு. அறிவு செருப்பைத் தேடிக்கிட்டு இருக்கும்போதே மனசு தெருமுனைக்குப் போயிருது! இது குறை இல்லீங்க. நிஜமாவே பாம்பா இருந்தா, நிதானமா யோசிச்சவன் பிழைச்சிருக்க மாட்டான்.

"அப்ப இந்த மனசைக் கழற்றி வச்சுட்டா நிம்மதிதானே?" என்று கேட்கலாம். கழற்றினா என்ன ஆகும்னு தெரியும். அமெரிக்காவில் அன்டோனியோ டமாசியோ என்கிற நரம்பியல் மருத்துவர் 1994இல் எழுதின புத்தகத்துல ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்றார். எலியட் என்பது அவருக்கு வைத்த மறைவுப் பெயர். மூளையில கட்டி, அறுவை செஞ்சு எடுத்தாங்க. முன்மூளையில கொஞ்சம் சேதம். அறிவுச் சோதனை வச்சா நல்ல மதிப்பெண் வாங்குறார். நினைவாற்றலும் பேச்சும் அப்படியே இருக்கு. ஆனா கோரமான படத்தைக் காட்டினாலும் மனசு அசையல. அப்படிப்பட்ட மனுஷன் எல்லா முடிவையும் பிரமாதமா எடுக்கணுமா இல்லையா? வேலை போச்சு, தப்பான ஆளை நம்பிப் போட்ட பணம் போச்சு, குடும்பமும் பிரிஞ்சு போச்சு.

அதேமாதிரி பாதிப்பு உள்ள இன்னொருத்தர்கிட்ட, அடுத்த முறை எப்ப வர்றீங்கன்னு ரெண்டு தேதி கொடுத்தாராம். அந்த ஆள் அரைமணி நேரம் போல ரெண்டு தேதிக்கும் காரணம் அடுக்கிக்கிட்டே இருக்கார். அன்னைக்கு இந்த வேலை, இன்னைக்கு அந்த வேலை, மழை வந்தா என்ன பண்றது! கடைசியில டாக்டரே "ரெண்டாவது தேதியில வாங்க"ன்னு சொல்ல, "சரி"ன்னு எழுந்து போயிட்டார். 'இது போதும், இதுதான்'னு முத்திரை குத்தறதுக்கு அறிவுக்கு மனசு வேணுங்க.

அந்த மனசு எப்பத் தப்பு பண்ணும்? சிலப்பதிகாரத்துக்கு வாங்க. கூத்து பார்க்கிறான் பாண்டியன். ஆடுற பொண்ணுங்க மேல அவன் மனசு போயிருச்சுன்னு கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலின்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. (தலைவலிக்கு அந்தக் காலத்துலயே இந்த உபயோகம் இருந்திருக்கு!) ராஜா சமாதானம் பண்ணப் பின்னாலயே போறான். அந்தப்புரத்து வாசல்ல வந்து கால்ல விழுறான் பொற்கொல்லன். "சிலம்பு திருடின கள்ளன் என் குடிசையில இருக்கான்." சாட்சி இல்ல, விசாரணை இல்ல. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான் மன்னன். ராணியைப் பற்றின தவிப்பு ராணிகிட்ட போய்ச் சேரணும். அது பாதி வழியில கோவலன் தலையில இறங்கிருச்சு. ஆபீஸ்ல வாங்கின திட்டு, சாயங்காலம் பிள்ளை முதுகுல இறங்குதே, அதேதான். ஒரு வழக்கோட உணர்ச்சி இன்னொரு வழக்குல உட்கார்ந்து தீர்ப்பு எழுதுது.

ஆனா அதே பாண்டியனை மறுபடி பாருங்க. கண்ணகி சிலம்பை உடைக்கிறா, மாணிக்கப் பரல் தெறிக்குது. ராணியின் சிலம்பில் இருந்தது முத்து. அறிவு நினைச்சா அப்பவும் அவனைக் காப்பாத்தியிருக்கும். "பொய் சொன்னவன் பொற்கொல்லன், வெட்டினவன் காவலாளி, நான் என்ன செய்வேன்?" மனசு விடல. குற்றம் தன்னுதுன்னு ஒத்துக்கிட்டு, அந்த இடத்துலயே உயிர் விட்டான். வாசல்ல தடுமாறின அந்த மனசுதான் சபையில நேர்மையா நின்னுச்சு. ஏன்னா இந்தத் துடிப்பு இந்த வழக்குக்கே சொந்தமானது.

நானும் ஒண்ணு சொல்லிடறேன். எங்கப்பா பக்கவாதத்துல படுத்து ஆஸ்பத்திரியில இருந்தப்ப, குழறின பேச்சுல என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருடா." இன்னும் பத்து நாள் இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னார். நெஞ்சு சொல்லுச்சு, வண்டியைக் கூப்பிடுன்னு. அறிவு சொல்லுச்சு, பொறுன்னு. இருபது வருஷத்துக்கும் மேல வகுப்புல நடத்தின அந்தக் கயிறு எப்படி இருக்கும்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல தெரிஞ்சுக்கிட்டேன். அறிவு பக்கம் போனேன். ஆறாம் நாள் விடியக்காலம் அங்கேயே போயிட்டார்.

நான் செஞ்சது சரின்னு டாக்டர் சொன்னார், தம்பியும் சொன்னான். எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு சந்தேகம். அன்னைக்குப் பேசினது அறிவுதானா? இல்ல, 'படிச்ச பிள்ளை, வைத்தியம் பார்க்காம அப்பனைத் தூக்கிட்டு வந்துட்டான்'னு ஊர் சொல்லுமேங்கிற பயம், அறிவு மாதிரி வேட்டி கட்டிக்கிட்டு வந்து நின்னுச்சா? அம்மாகிட்ட ஒருதரம் கேட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல. சாப்பிட வாடான்னு உள்ள போயிட்டாங்க.

ரெண்டு அணியும் தயாரா இருக்காங்க. அறிவு பக்கம் பேசறவங்க எனக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் எதிரணிக்குச் சொல்லுங்க. வாங்கம்மா, மைக் உங்களுது.