கவிஞரின் மண் வீடு

கொல்கத்தா ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தவர், 74 வயதில் மண் வீட்டுக்குக் குடிபோனார். சுமார் 160 கி.மீ. தள்ளி, சாந்திநிகேதனில் 1935இல் ரவீந்திரநாத் தாகூர் கட்டுவித்த அந்த வீட்டின் பெயர் ‘சியாமளி’.

1863இல் அவரது தந்தை தேவேந்திரநாத் இடம் பிடித்தபோது அது வெறும் செம்மண் பொட்டல். நிழலுக்கு இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள். (பெயரிலேயே பாலை!)

அந்த வெயிலுக்குச் சுரேந்திரநாத் கர் கண்ட மருந்து, பானை. சுவருக்குள் மண்பானைகளை வரிசையாக வைத்து மண் பூசினார்கள். உள்ளே குளுமை. கூரையும் மண்தான்: வைக்கோல் வேய்ந்தால் கோடையில் தீ பயம். வெளிச்சுவரில் நந்தலால் போஸின் மாணவர்கள் புடைப்புச் சிற்பம் செதுக்கினார்கள். சந்தால் ஆணையும் பெண்ணையும் வடித்தவர் ராம்கிங்கர் பைஜ். 1940இல் காந்தி இங்கே விருந்தாளி.

அமெரிக்காவில் ஃபிராங்க் லாயிட் ரைட், அரிசோனா பாலைவனத்துக் கல்லையும் மணலையும் கொண்டு ‘டாலியசின் வெஸ்ட்’ கட்டத் தொடங்கியது 1937இல்தான். அது சீடர்களோடு அவர் தங்கிய குளிர்கால முகாம். தாகூரின் கணக்கே வேறு: ஏழைக் கிராமத்தானுக்குக் கட்டுப்படியாகிற வீடு.

2023இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மழைக்காலம்தோறும் சியாமளிக்குக் கவனிப்பு தேவை. ஊரைச் சுற்றிலும் கொல்கத்தா வசதிக்காரர்களின் விடுமுறை வீடுகள் எழும்பியிருக்கின்றன, கான்கிரீட்டில்.